விறகுக் கொட்டகைச் சம்பந்தி

சாயங்காலம் பெண் பார்க்க வரவேண்டியவர்கள் காலையிலேயே வந்து நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் பட்டாளத்தார் தேடுதலுக்காக மலையேறும் ரிங்லெட் ரோட்டை அடைத்துவிடுவார்களாம். பெண்ணின் அப்பா செல்லையா வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஓடினார்.

காலையில்தான் மகள் சரோஜாவின் விரல்கள் மடங்காது. வெயில் ஏறினால் சரசரவென்று தேயிலைக் கொழுந்து கிள்ளுவாள். அதுவரை ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. அவள் அம்மா மாரியம்மாவுக்கும் முடக்குவாதம் இப்படித்தான் தொடங்கியது. இப்போது விரல்களெல்லாம் கோணல். அதைப் பார்த்தால் யார் பெண் எடுப்பார்கள்?

"கொஞ்ச நேரம் விறகுக் கொட்டகையில இரு," என்று மனைவியை இழுத்துப்போனார்.

"அவங்க யாருன்னா..."

"கங்காணி சொன்ன இடம். எனக்குத் தெரியும் லா. வாயத் திறக்காத!"

மாப்பிள்ளை வேலப்பனின் அம்மா இராசம்மா, குளிருக்குக் கைகளைச் சால்வைக்குள் வைத்திருந்தார்.

"சம்பந்தியம்மா எங்கங்க?"

"கீழ தாப்பா டவுன்ல அவ தங்கச்சிக்குப் பிரசவம். முந்தாநாளே போயிட்டா."

"முந்தாநாளா?" இராசம்மா மகனைப் பார்த்தார்.

செல்லையாவே காப்பித் தட்டோடு வந்தார்.

"பொண்ணு?"

"குளிர்காய்ச்சல்."

"அப்ப உள்ள போய்ப் பாத்துட்டு வரேன்."

"ஐயோ, தொத்திக்கும்!" என்று அவர் குறுக்கே பாய்ந்ததில் காப்பி முழுவதும் மாப்பிள்ளையின் வேட்டியில்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் நாகப்பன், மாரியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"ஏன்யா இவங்கள விறகோட அடுக்கி வெச்சிருக்க? டவுன் டாக்டர் வராரு. இந்த நோவு உள்ளவங்க பிள்ளைங்களையும் இப்பவே பாக்கணுமாம். முன்னாடியே தெரிஞ்சா நல்லதாம். சரோஜாவக் கூப்பிடு."

மாரியம்மாவின் தலையெல்லாம் மரத்தூள். அவள் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தன் மானத்தைக் காப்பாற்றத்தான் மறைக்கிறாள் என்று தோன்றியபோது செல்லையா கூனிக்குறுகிப் போனார். இத்தனை வருஷம் தனக்குச் சோறு போட்ட கை அது.

"நான்தான் ஒளிச்சு வெச்சேன்," என்றார் தலை நிமிராமல். "சரோஜாவுக்கும் காலையில விரல் மடங்காது. வேணாம்னா சொல்லிடுங்க."

வேலப்பன் நனைந்த வேட்டியோடு எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தான். "வெந்நி இருக்கா? அதுல கைய வெச்சா விரல் விட்டுக்கொடுக்கும்."

"இவனுக்கு எப்படி..." செல்லையா விழித்தார்.

நாகப்பன் சிரித்துவிட்டார். "அவங்கம்மா கையும் இதே கைதான்யா! நேத்து என் ஆஸ்பத்திரி பெஞ்சுல இந்த ரெண்டு அம்மாமாரும்தானே உக்காந்து இந்தக் கல்யாணத்தப் பேசி முடிச்சாங்க!"