கொசுவலைக்குப் போட்ட வீடியோ கால்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. சர்ச்சுல ஆராதனை முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஒரு வீடியோ கால் போட்டுக் காட்டணும்.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடுறேன். நான் ரெண்டு வருஷமா டான்சானியாவுல ஒரு கிறிஸ்தவக் குழந்தைகள் இல்லத்துல வேலை பாக்குறேன். முப்பத்திரண்டு பிள்ளைங்க. இப்போ லீவுல சங்கரன்கோவில் வந்திருக்கேன். லீவுன்னு பேருதான்.

விஷயம் இது. அங்க மழைக்காலம் தொடங்கப் போகுது. மழை வந்தா கொசு, கொசு வந்தா மலேரியா. போன மழையில ஆறு பிள்ளைங்க படுத்துட்டாங்க. ஃபுராஹான்னு ஏழு வயசுக் குட்டி, மூணு நாள் சரியா கண்ணையே திறக்கல. நான் கட்டில் பக்கத்துல உக்காந்து அழுதேன். இருக்கிற கொசுவலை எல்லாம் ஓட்டை. இந்த மழைக்கு முன்னாடி புது வலை போயாகணும்.

எங்க சர்ச் பெண்கள் சங்கத்துல இந்த வருஷக் காணிக்கை இருந்துச்சு. அதுக்கு ரெண்டு யோசனை ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒண்ணு, கொசுவலை. இன்னொண்ணு, சங்க ஆண்டு விழாவுக்கு எல்லாருக்கும் ஒரே கலர்ல சேலை.

சேலைதான் முன்னால ஓடிச்சு. மயில் கழுத்துக் கலர்ங்கிற வரைக்கும் முடிவாயிருந்துச்சு!

சங்கத் தலைவி குளோரி அக்கா சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டாங்க.

"ஏட்டி ஜெபா, நாளைக்கு அந்தப் பிள்ளைக பாக்கப் பாவமா இருக்கணும், பாத்துக்கோ. அப்பத்தான் நம்ம ஆளுக மனசு இளகும்."

"எப்படிக்கா?"

"பழைய சட்டையப் போடச் சொல்லு. செருப்பு வேண்டாம். ரொம்பச் சிரிக்கவும் வேண்டாம்."

மானமுள்ள மனுஷி அந்த இடத்துலயே "முடியாதுக்கா"ன்னு சொல்லியிருப்பா. நான் "சரிக்கா"ன்னு சொன்னேன்.

சொன்னதோட விடாம, அங்க வார்டனா இருக்கிற நீமா அக்காவுக்குப் போன் போட்டு அதையே நாசூக்கா சொன்னேன். நீமா அக்கா திருப்பிக் கேட்டாங்க.

"விருந்தாளி முன்னாடி பிள்ளைங்களை அழுக்குச் சட்டையில நிறுத்தணுமா? உங்க ஊர்ல இதுதான் மரியாதையா, ஜெபா?"

"ஹலோ, ஹலோ, சத்தம் கேக்கலக்கா"ன்னு சொல்லி கட் பண்ணிட்டேன். சத்தம் நல்லாவே கேட்டுச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில ஆறு மணிக்கே சர்ச்சுக்குப் போய் புரொஜெக்டர், ஸ்கிரீன், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டினேன். படம் பளிச்சுன்னு தெரியணுமே? அதனால ஜன்னல் அத்தனைக்கும் கறுப்புத் துணியை ஆணி வச்சு அடிச்சேன். என் கையால.

பத்தரைக்குப் போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிச்சார். கரண்ட் போயிருச்சு.

"ஜெனரேட்டரைப் போடுங்க!"

"டீசல் இல்லக்கா!"

"ஜன்னலைத் திறங்க!"

"ஆணி அடிச்சிருக்குக்கா!"

"எவ அடிச்சா?"

நான் கேக்காத மாதிரி போன்ல நெட் இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

கடைசியில என் போனைப் பிரசங்க மேடையில காணிக்கைத் தட்டு மேல சாய்ச்சு வச்சேன். ஆராதனைக்கு வந்த அறுபது பேரும் அந்தச் சின்ன ஸ்கிரீனைச் சுத்திக் கூடி உக்காந்துட்டாங்க. புழுக்கம்னா புழுக்கம்! பாட்டுப் புத்தகத்தாலயும் சேலைத் தலைப்பாலயும் எல்லாரும் விசிறுறாங்க. யாரோ ஒருத்தர் நல்ல எண்ணத்துல செல்போன் டார்ச்சைக் கீழ இருந்து எங்க முகத்துக்கு நேரா அடிச்சாங்க. கீழ இருந்து டார்ச் அடிச்சா எந்த முகமும் பாக்கச் சகிக்காது.

கால் கனெக்ட் ஆச்சு.

அங்க மணி காலையில எட்டு. எல்லாரும் சர்ச்சுக்குக் கிளம்புற நேரம். ரெண்டு வருஷம் அங்க இருந்த எனக்கு அது ஞாபகத்துல வரல பாருங்க! பொம்பளப் பிள்ளைங்க மஞ்சக் கவுன். பயலுக வெள்ளைச் சட்டை, கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி டை. ஷூ மின்னுது. நீமா அக்கா தலையில பெரிய துணிக்கட்டு கட்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி நடுவுல நிக்கிறாங்க. கொட்டடிச்சு, குதிச்சு, பல்லு மொத்தமும் தெரியச் சிரிச்சுக்கிட்டே பாடினாங்க.

குளோரி அக்கா என் கையைப் பிடிச்சு ஒரு கிள்ளு கிள்ளினாங்க.

"ஏட்டி, இதுகளா கஷ்டப்படுத பிள்ளைக? எம் பேத்தி கல்யாண வீட்டுக்குக்கூட இப்படிப் போனதில்ல!"

"ஞாயித்துக்கெழமைக்குன்னு இருக்கிற ஒரே டிரெஸ்க்கா அது."

பின்னால இருந்து ஒரு குரல். "சேலையே எடுத்திருவோம்க்கா."

எனக்கு ஃபுராஹா முகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அவசரமா சுவாஹிலியில கத்தினேன். "நீமா அக்கா, படுக்கிற ரூமைக் காட்டுங்க! கொசுவலையைக் காட்டுங்க!"

காட்டினாங்க. இங்கதான் இன்னொரு கதை.

எங்க இல்லத்துல காலையில எந்திரிச்ச உடனே அவங்கவங்க வலையை மேல தூக்கி, நல்லா முறுக்கி, கொண்டை மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டிடணும். இல்லாட்டா பகல்ல கொசு உள்ள போய் உக்காந்துக்கும். அன்னைக்கும் கட்டியிருந்தாங்க. முப்பத்திரண்டு கட்டில், சுருக்கமில்லாத விரிப்பு, ஒவ்வொண்ணுக்கும் மேல வெள்ளை வெளேர்னு ஒரு முடிச்சு. ஓட்டை பூராவும் முடிச்சுக்குள்ள!

"வலைதான் இருக்கே!" அறுபது பேரும் சேந்து சொன்னாங்க.

"ஓட்டைக்கா! எல்லாம் ஓட்டை!"

"எங்கட்டி ஓட்டை? மல்லியப்பூப் பந்து கணக்கா அழகாத் தொங்குது!"

"நீமா அக்கா, ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டுங்க."

"பகல்ல வலையை அவிழ்க்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"எவ போட்ட சட்டம்?"ன்னு கேட்டேன்.

நீமா அக்கா கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினாங்க. அங்க ஒரு அட்டை. 'பகலில் வலையை அவிழ்ப்பவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்'னு சுவாஹிலியில எழுதி, கீழ என் கையெழுத்து. பக்கத்துல ஒரு பூ வேற வரைஞ்சு வச்சிருந்தேன்.

இதுக்குள்ள பிள்ளைங்க நீமா அக்கா பின்னாடியே வந்து போனுக்குள்ள எட்டிப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஃபுராஹா கேமராவுல மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தை வச்சு என்னவோ கேட்டா.

"என்னட்டி கேக்கா?" இது குளோரி அக்கா.

"நல்லாருக்கீங்களான்னு கேக்கா."

"சர்ச்சுக்குள்ள நின்னுக்கிட்டுப் பொய் சொல்லாத. சொல்லு."

சொன்னேன். "இவங்க ஏன் இருட்டுல உக்காந்திருக்காங்க, லைட் இல்லையான்னு கேக்கா."

அடுத்து ஒரு பையன். "ஏன் எல்லாருக்கும் இப்படி வேர்க்குது? காய்ச்சலா?"

அடுத்து இன்னொருத்தி. "ஏன் யாருமே சிரிக்கல?"

அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கஷ்டத்துல இருக்கிறவங்களைப் பாத்தா அங்கேயே நின்னு ஜெபம் பண்ணிடுவாங்க, அப்புறம் கையில இருக்கிறதைக் குடுப்பாங்க. இதையும் சொல்லிக் குடுத்தது நான்தான். முப்பத்திரண்டு தலையும் குனிஞ்சுது. ஃபுராஹா ஜெபம் பண்றா, நான் மொழிபெயர்க்கிறேன்.

"ஆண்டவரே, இருட்டுல இருக்கிற இந்தப் பாவப்பட்ட அம்மாக்களுக்கு லைட் கொடும். கொஞ்சம் காத்து கொடும். இவங்களுக்குக் காய்ச்சல் வராமப் பாத்துக்கும்."

பழக்க தோஷத்துல எங்க ஆளுங்க அறுபது பேரும் "ஆமென்"னு சொல்லிட்டாங்க. சொன்ன பிறகுதான் எதுக்குச் சொன்னோம்னு உறைச்சுது.

நீமா அக்கா தொண்டையைச் செருமினாங்க. "ஜெபா, பிள்ளைங்க ஒரு முடிவு பண்ணியிருக்காங்க. நம்மகிட்ட நாலு சோலார் விளக்கு இருக்குல்ல? ரெண்டை உங்க சர்ச்சுக்கு அனுப்பச் சொல்றாங்க."

அதையும் மொழிபெயர்த்தேன். மறைக்கிறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.

விசிறுற கையெல்லாம் நின்னுருச்சு. குளோரி அக்கா எந்திரிச்சாங்க.

"நமக்கா? நமக்கு அவங்க வெளக்கு அனுப்பவா? இது புளியங்குடி சங்கத்துக்காரிக காதுல விழுந்தா நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?"

புளியங்குடி பக்கத்து ஊரு, அந்தச் சங்கத்துக்கும் எங்க சங்கத்துக்கும் எப்பவும் போட்டிதான்.

"ஏட்டி, வெளக்கெல்லாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு. முப்பத்திரண்டு இல்ல, அறுபத்திநாலு வலை வாங்கி அனுப்புதோம்னு சொல்லு. சேலையை அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்."

ரெண்டு வாரமா வீடு வீடாப் போய் மலேரியாவைப் பத்தி நான் எடுத்துச் சொல்லி நடக்காதது, புளியங்குடி பேரைச் சொன்ன அரை நிமிஷத்துல நடந்துருச்சு.

அதோட வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கணும். நான் என்ன பண்ணேன்? "வேற ஏதாவது உண்டாக்கா?"ன்னு கேட்டேன்.

"உண்டு. ஒவ்வொரு வலையிலயும் சங்கத்துப் பேரு போடணும்."

எங்க சர்ச்சுல டியூப்லைட்டுல எல்லாம் உபயம்னு பேரு எழுதி எழுதி, கரண்ட் இருக்கிற நாள்லயும் பாதி வெளிச்சம்தான் வரும். அதனால பயந்துக்கிட்டே கேட்டேன். "ஓரத்துல சின்னதாப் போடலாமாக்கா?"

"சின்னதா எதுக்கு? பெருசா, செவப்பு நூல்ல, தமிழ்ல தச்சிரு."

"அங்கன யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதேக்கா?"

"அதுக்கு? குடுத்தது யாருன்னு தெரிய வேண்டாமா?"

தச்சாச்சு. அறுபத்திநாலு வலை, ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் பூரா எழுத்து. மழைக்கு முன்னாடியே போயும் சேந்தாச்சு.

இனிமே அந்த ஊர்க் கொசு எங்க பிள்ளைங்களைக் கடிக்கணும்னா, முதல்ல தமிழ் படிச்சுட்டு வரணும்.