முதுகுள்ள டிவியும் முதுகில்லாத டிவியும்

ஒரு காட்டில் ஒரு கரடி டிவி கடை வைத்திருந்தது. அந்தக் கரடி நான்தான். கதை சொல்கிறவனே கதையில் முட்டாளாக வருவது கௌரவமில்லை என்று என் மனைவி சடைச்சி சொன்னாள். அந்த வேடத்துக்கு வேறு யாரையாவது போடலாமென்று நானும் தேடிப் பார்த்தேன். என் அளவுக்குப் பொருத்தமாக ஒருவரும் அமையவில்லை.

நான் விற்றதெல்லாம் பெட்டி டிவி. பிக்சர் டியூப் வைத்து, பின்பக்கம் ஒரு முழத்துக்குப் புடைத்துக்கொண்டு, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத டிவி. வியாபாரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. யாராவது வாங்க வந்தால் படத்தைக் காட்ட மாட்டேன். "தூக்கிப் பாருங்க" என்பேன். அவர்கள் தூக்கிப் பார்த்து மூச்சு வாங்கும்போது, "பொருள்னா இப்படி இருக்கணும்" என்பேன். இருபது வருஷம் இந்த இரண்டு வரியிலேயே குடும்பம் நடந்தது. முயல்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது வளைக்குள் நுழையவில்லை. டிவியை வெளியே வைத்துவிட்டு, வளைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாளும் புகார் சொன்னதில்லை.

பிறகு வெள்ளைச்சாமி வந்தான். வெள்ளைச்சாமி ஒரு கொக்கு. என் கடைக்கு எதிரே இடம் பிடித்து, தட்டை டிவிகளைக் கொண்டுவந்து இறக்கினான். முன்னால் நின்று பார்த்தால் டிவி தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஆளும் அப்படித்தான். முதல் நாளே அவன் வாசலில் வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு படிவம் கொடுத்தான். பெயர், இருப்பிடம் குகையா வளையா கிளையா, டிவி மாட்டும் சுவரின் அகலம். எல்லாரும் கடைசிக் கேள்வியைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அவனும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இனிமே பெட்டி டிவி ஓடாதுண்ணே. உங்க கடையை எங்கிட்ட விட்டுருங்க. எனக்கு ஒரு குடோன் வேணும்" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "தீபாவளிக்குள்ள கடையில இருக்கற டிவி அத்தனையும் வித்துக் காட்டறேன். ஒண்ணு மீந்தாலும் சாவி உன் கையில."

அப்போது கடையில் இருந்தவை ஏழு. வரிசை கைதட்டிவிட்டுத் தட்டை டிவி பக்கம் திரும்பிக்கொண்டது.

வீட்டுக்குப் போனதும் சடைச்சி பிடித்துக்கொண்டாள். "ஏன் இப்படி வாயைக் குடுத்து மாட்டிக்கிறீங்க? கடை போனா நாள் பூரா குகையிலதானே கிடப்பீங்க? ஏற்கெனவே அங்க ஒரு டிவி பாதி எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது." கடை போவதைவிட நான் வீட்டுக்கு வருவதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

நான் உட்கார்ந்து யோசித்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. கடை வாசலில் ஒரு பலகை வைத்தேன். 'எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். உங்கள் பழைய டிவியைக் கொண்டுவாருங்கள்' என்று எழுதினேன். கொண்டுவந்து பதிலுக்கு என்ன வாங்க வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டேன். வெள்ளைச்சாமியிடம் தட்டை டிவி வாங்கியவர்களெல்லாம் வீட்டில் கிடந்த பெட்டி டிவியை என் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "ரொம்ப உபகாரம்ணே" என்று கும்பிட்டுப் போனார்கள். முயல்கள் ஒன்பது பேரும் வந்து போனார்கள். ஒரே வாரத்தில் ஏழு டிவி பத்தொன்பது ஆகிவிட்டது. கடைக்குள் எனக்கே நிற்க இடமில்லை. வெளியே நின்று என் கடையை நானே வேடிக்கை பார்த்தேன். வெள்ளைச்சாமி டீ வாங்கி அனுப்பினான். ரோஷத்தோடு அதைக் குடித்தேன்.

தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. யானை அங்கம்மாள் அக்கா கடைக்கு வந்தார். அவரும் எதிர்க்கடையில் தட்டை டிவி வாங்கியவர்தான்.

"ஏம்பா பெரியகருப்பா, இந்த டிவியைச் சுவத்துல மாட்டணுமாமே. எங்க வீட்டுல சுவரு ஏது?"

அவர் வீடு மூங்கில் புதருக்கு நடுவே ஒரு வெட்டவெளி. யோசித்துப் பார்த்தால் காட்டில் யார் வீட்டிலும் நேரான சுவர் கிடையாது. குகைச் சுவர் வளைந்திருக்கும். குரங்குக்குக் கிளைதான் வீடு.

"கீழ வைக்கறதுக்கு ரெண்டு குச்சிக் கால் குடுத்திருக்கான்" என்றார் அங்கம்மாள். "நான் நடந்தா ஆடுது. உட்கார்ந்தா விழுது. வீட்டுல சீரியல் ஓடற நேரம் என்னை அசையவே விடமாட்டேங்கறாங்கப்பா." பிறகு என் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணு குடேன். அது மேல வெச்சுக்கறேன்."

"அக்கா, இது டிவி."

"தெரியுது. ஆடாதில்ல?"

"சுவிட்சைப் போட்டா அருமையாப் படம் தெரியும்க்கா. கலர் அப்படியே கண்ணுக்குக் குளுமையா..."

"படம் மேல தெரியுது. கீழ ஆடாம இருந்தாப் போதும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் டிவி விற்றவனிடம் வந்து முக்காலி கேட்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாப்பாடு கொண்டுவந்த சடைச்சி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"தூக்கிப் பாருங்கக்கா" என்றாள்.

அங்கம்மாள் தும்பிக்கையால் தூக்கினார். யானைக்கே லேசாக மூச்சு வாங்கியது. "பொருள்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் வரிசை என் வாசலுக்கு மாறியது. நானும் ஒரு படிவம் அச்சடித்தேன். 'இந்த டிவியின் மேல் வைக்கப்போகும் டிவி எத்தனை இஞ்ச்?' முயல்கள் வந்து, போன வாரம் இறக்கிவிட்டுப் போன அதே டிவியை அடையாளம் கண்டுபிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பத்தொன்பதும் போய்விட்டன. விற்கிற வேகத்தில் சடைச்சி எங்கள் குகை டிவியையும் சேர்த்து விற்றுவிட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன். இந்த இடத்தில் கதையை நிறுத்தி, அடியில் விடாமுயற்சி என்று எழுதியிருந்தால் பாடப்புத்தகத்தில் சேர்த்திருப்பார்கள். ஆனால் மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கடையைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு தடவை பெருக்கினேன். இன்னொரு தடவை பெருக்கினேன். புதிதாகச் சரக்கு எடுக்கலாமென்றால், பெட்டி டிவி செய்கிற கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது. சாவி என் கையிலேயே இருந்தது, பூட்டி வைக்கத்தான் எதுவுமில்லை. வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளைச்சாமி வாசலில் வந்து நின்றான். "அண்ணே, எழுபத்தஞ்சு இஞ்ச் ஒண்ணு வந்திருக்கு. கடை முன்னால வெச்சுக் காட்டணும். உங்ககிட்ட ஒரு பெட்டி டிவி மீந்திருக்குமா?"

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் வித்துப்போச்சு" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

அவன் ஒற்றைக் காலில் நின்றபடி என்னையே பார்த்தான். முன்னாலிருந்து பார்த்தான். பிறகு பக்கவாட்டில் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தான்.

"அண்ணே, கொஞ்சம் திரும்பி நில்லுங்களேன்" என்றான்.

நான் திரும்பினேன். அதுதான் வேலைக்கான இன்டர்வியூ என்று எனக்குத் தெரியாது.

இப்போது வெள்ளைச்சாமியிடம் ஸ்டாண்டாக வேலை பார்க்கிறேன். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை நாலு காலில் நிற்க வேண்டும். எழுபத்தைந்து இஞ்ச் என் முதுகில் இருக்கும். அரித்தால் விளம்பர இடைவேளையில் சொறிந்துகொள்ள அனுமதி உண்டு. என் கடை அவனுக்குக் குடோன் ஆகிவிட்டது. டிவி ஆடுமா என்று யாராவது கேட்டால் வெள்ளைச்சாமி என்னைக் காட்டி, "தூக்கிப் பாருங்க" என்கிறான். முதுகில் என்ன படம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, சீரியலா கிரிக்கெட்டா என்று கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

சடைச்சி தினமும் மத்தியானம் பொரி மடித்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்காருகிறாள். நேற்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என்னங்க" என்றாள் மெதுவாக. "தலையைக் கொஞ்சம் குனிங்க. கீழ ஓடற எழுத்து தெரியல."

நீதி: இனி உலகம் ஒல்லியானவர்களுக்குத்தான். அதற்காக யாரும் உடம்பைக் குறைத்துவிட வேண்டாம், அவர்களை எதன் மேலாவது வைத்தாக வேண்டும்.