மூச்சு வாத்தியாரின் சட்டைப் பை

மூச்சு விடுவதற்கும் ஒரு வாத்தியார் உண்டு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் அவர் காதுபடச் சிரித்துவிடாதீர்கள். சிரிக்கும்போது வயிற்றால் மூச்சு விடுகிறீர்களா, தோளால் விடுகிறீர்களா என்று நடுத்தெருவிலேயே நிறுத்திவைத்துப் பார்த்துவிடுவார். பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும் இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் ஒரு ரப்பர் குழாய், வாயில் ஓயாத பாடம்.

ஆரம்பத்தில் நம்மவர் இப்படி இல்லை. தீவிர சிகிச்சை வார்டில் மூச்சுச் சிகிச்சையாளராகச் சேர்ந்தபோது அவருக்குக் கைதான் பேசும், வாய் பேசாது. திணறுகிறவர் முகத்தைப் பார்த்தே ஆக்ஸிஜனை எவ்வளவு திறக்க வேண்டும், முகமூடியை எங்கே தளர்த்த வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவார். இவ்வளவு நன்றாக வேலை செய்கிற மனிதரை நிர்வாகம் சும்மா விடுமா? வேலையிலிருந்து பிடுங்கி, வேலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. தனி அறை, ஒரு பிளாஸ்டிக் நுரையீரல், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மை. அந்தப் பொம்மை இருமாது, முனகாது, 'எனக்கு இது வேண்டாம்' என்று கையைத் தட்டிவிடாது. அப்படிப்பட்ட நோயாளியோடு சில வருஷம் குப்பை கொட்டினால் யாருக்குத்தான் உயிருள்ள நோயாளியைப் பிடிக்கும்?

அவருடைய முதல் பாடம் ஆஸ்பத்திரிக்கே மனப்பாடம். "முதல்ல ஆளைப் பாரு, அப்புறம் மெஷினைப் பாரு!" வகுப்புக்கு வகுப்பு இதைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டு, அந்தத் திரையையே பார்த்தபடி முழங்குவார். பின்னால் பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருக்கும்.

சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். அதற்குள் மருந்து கிடையாது. அழுத்தினால் புஸ்ஸென்று வெறும் காற்றுதான் வரும். மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காகவே மருந்துக் கம்பெனியில் கொடுத்தது, பார்வைக்கு அசலேதான். விருந்துக்குப் போனாலும், முடிவெட்டப் போனாலும், அதை எடுத்து, குலுக்கி, ஒரு தரமாவது இழுத்துக் காட்டாமல் வீடு திரும்ப மாட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவிக்கு, பாவம், ஆஸ்துமா. டாக்டர் கொடுத்த நிஜ இன்ஹேலர் அந்த அம்மாளின் கைப்பையில் இருக்கும். புருஷன் எதிரில் மட்டும் அதை எடுக்கவே மாட்டாள். எடுத்தால் மருந்துக்கு முன்னால் பாடமல்லவா வந்து நிற்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் அலமாரி மேலிருந்த பழைய போர்வைகளை எடுத்து உதறினாள். அவ்வளவுதான், நெஞ்சு இறுகிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறாள், மூச்சு பாதியில் நிற்கிறது.

"ஏங்க... என் பை..."

"பேசாத! பேசினா மூச்சு வீணாப் போகும். நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?" சட்டைப் பைக்குள் கையை விட்டார். எடுத்தார். குலுக்கினார். "மூச்சை முழுசா வெளிய விடு. உதட்டால நல்லாக் கவ்வு. நான் அழுத்தறேன், மெதுவா இழு... அப்படியே அடக்கு. பத்து வரைக்கும் எண்ணு."

ஒன்றும் ஆகவில்லை. வெறும் காற்றில் என்ன ஆகும்? ஆனால் அவர் சாஸ்திரத்தில் மருந்து தப்பு செய்யாது, மாணவர்தான் தப்பு செய்வார்.

"அவசரப்படுற. இழுக்கிறதே தப்பு. மறுபடியும்!"

மறுபடியும் புஸ். நெற்றியெல்லாம் வியர்த்து, கண் பிதுங்க, அவள் கதவில் தொங்கிய கைப்பையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கையை ஏன் தூக்குற? தோளைத் தளர்த்து, தோளை!"

தலையை ஆட்டினாள்.

"தலையை நேரா வை!"

ஐயோ, ஆளைப் பாரு ஆளைப் பாரு என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் அந்த நேரத்தில் ஆளைப் பார்த்தாரா? இன்ஹேலர் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த அம்மாள் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவரை ஒரு தள்ளு தள்ளினாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், பையைத் தரையில் கவிழ்த்து, தன் இன்ஹேலரை எடுத்து, தனக்குத் தெரிந்தபடி அழுத்தி இழுத்தாள்.

"குலுக்கவே இல்லையே!" என்றார் வாத்தியார்.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. வந்த முதல் நல்ல மூச்சை அவள் எதற்குச் செலவழித்தாள் தெரியுமா?

"நீங்க குடுத்தது... உங்க பொம்மைக்குக் குடுக்கறது."

கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் பயம் வந்தது. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அம்மாள் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதே இல்லை.

சரி, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். மறுநாள் வகுப்பில் புதுப் பாடம் ஒன்று திரையில் ஏறியது: 'நோயாளியின் குடும்பத்தார் செய்யும் தவறுகள்'.

"சார், மருந்தில்லாத இன்ஹேலரைக் குடுத்துட்டு, இழுக்கத் தெரியலன்னு திட்டுற ஆளுங்க கூடவா இருப்பாங்க?" என்று பட்டியலின் முதல் வரியைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள்.

"இருப்பாங்கம்மா," என்றார், வாய் கூசாமல். "சொல்லிக்குடுக்க ஆள் இல்லாத வீட்டுல."

நீங்களும் சிரித்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் 'பத்து வரைக்கும் எண்ணு' என்ற இடத்தில் நீங்களும் மூச்சை அடக்கிப் பார்த்தீர்களே? பக்கத்தில் இருப்பவர் எப்படி விடுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, திருத்துவதற்கு வாயும் திறந்தீர்களே? கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் இருக்கும் அவர் வெகு நேரமாக உங்களிடம் எதையோ கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். கையை இறக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.