எடுத்துக் கொடுத்த வசனம்

பெரியண்ணாவுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்; உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நர்ஸ் வேலை பார்க்கிற பெண் குடும்பத்துக்கு ஆக மாட்டாள் என்று கல்யாணத்தின்போது சொன்னீர்களே, அந்த மருமகள் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகமே எழுதி, நாயகியாகவும் நடித்துவிட்டாள். வீட்டில் என்னிடம்தான் வசனம் ஒப்பித்தாள். அதில் எனக்கும் நாலு எழுத்து வந்துவிட்டது, அண்ணா. சமையலறையில் நான் புலம்புவதற்குத் தனிமொழி என்று மரியாதையான பெயர் உண்டாம். எதிரே நிற்பவருக்குக் கேட்காமல் சபைக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினால் பக்கமொழியாம். அண்ணி அதில் கெட்டிக்காரி. மோதல் இல்லாமல் நாடகம் இல்லை என்றாள். மாமியாரும் மருமகளும் சண்டை போடாத வீட்டில் மோதலுக்கு எங்கே போவது? அதனால் கதையில் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டாள்: மேல்படிப்புக்கு வெளியூர் போகத் துடிக்கிற மனைவி, விடாத கணவன்.

கணவனாக நடித்தவர் அங்கே மருந்து கொடுப்பவர். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. உச்சக்கட்டத்தில் மருமகள் பெட்டியோடு நிற்கிறாள், சபை மூச்சு விடவில்லை, இந்த மனுஷன் "போகாதே" என்கிற ஒரே வார்த்தையை மறந்துவிட்டுப் பேந்தப் பேந்த விழிக்கிறார். மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன், அவரைத் தவிர எல்லாருக்கும் கேட்டு, சபை கொல்லென்று சிரித்துவிட்டது. அவ பாடுபட்டு எழுதினதெல்லாம் பாழாச்சேன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவளோ கொஞ்சமும் அசரலை. திரைப் பக்கம் திரும்பி, "அத்தை, உள்ளேயிருந்து ஏன் சொல்றீங்க? வெளியே வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

மூக்குக்கண்ணாடியும் கையில் காகிதமுமாகப் போய் நின்றேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எழுதியிருந்த வசனம் வாயில் வரவில்லை. "போயிட்டு வாம்மா. வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றேன். சிரித்த சபை அப்படியே அடங்கிப்போச்சு. அவள் கண்ணில் தண்ணீர். அப்புறம் எழுந்த கைதட்டலில் திரை போடுகிறவர் திரையைப் போடவே மறந்துவிட்டார். விழப்போன நாடகத்தைக் கைகொடுத்து நிமிர்த்திவிட்டாள், அண்ணா. அழுகையைக்கூட எவ்வளவு தத்ரூபமாக நடித்தாள் என்று இன்னும் ஊரெல்லாம் பேச்சு.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

உங்கள் தங்கை

பி.கு.: அந்த அழுகை நடிப்பு இல்லையாம். மேல்படிப்புக்கு நிஜமாகவே இடம் கிடைத்து, என்னிடம் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தாளாம். இப்போது கூடத்தில் பெட்டி அடுக்குகிறாள். என் பிள்ளை மடித்துக் கொடுக்கிறான். "அத்தை, அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டீங்களே" என்கிறாள். நான் சொன்னது வெறும் வசனம் என்று நீங்கள் உடனே வந்து எடுத்துச் சொல்லவும். வரும்போது பெரிய பெட்டியாக ஒன்று கொண்டு வாருங்கள். நான் வாங்கிவந்த கம்பளி அவளுடையதில் கொள்ளவில்லை.