வாரத்தில் இடமில்லை

ஆப்பிரிக்கா என்பது அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகப் பூகோளப் புத்தகங்கள் சொல்லி வருகின்றன. பழைய தகவல். அது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், எங்கள் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில், பச்சை வண்ணம் அடித்த மாடி வீட்டில் இருக்கிறது. அதன் செயலாளர் நான்.

எங்கள் அசாந்தே சகோதரர் சபை பிறந்த வரலாறு வீரம் செறிந்தது. எழுபதுகளில் கறுப்பு மாணவர்களுக்கு இந்த ஊரில் அறை கொடுக்க ஆளில்லை. விடுமுறைக்கு விடுதியைப் பூட்டினால் நடுத்தெருதான். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்களோ, ரகசியக் கைகுலுக்கல், அடி உதை, 'இன்னார்தான் உள்ளே வரலாம்' என்று இருந்தன. "கிரேக்கன் நமக்கு மாமனா, மச்சானா?" என்று கேட்டுவிட்டு நாலு பேர் சேர்ந்து இந்த வீட்டைப் பிடித்தார்கள். போக்கிடம் இல்லாத எவனும் வந்து படுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சபை. விதிமுறை ஒன்றுகூடக் கிடையாது. பாவம், அனுபவம் போதாதவர்கள்.

அந்தக் குறையை நாங்கள் படிப்படியாக நிவர்த்தி செய்தோம். ரகசியக் கைகுலுக்கலுக்கு ஒரு துணைக்குழு. மேளத்துக்கு ஒன்று. முன்னோருக்குத் தரையில் நீர் வார்ப்பது மரபு. கம்பளம் நனைந்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் செடித் தொட்டியில் வார்ப்பது எனத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. முன்னோர் இதுவரை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

சிகரமானது பெயர் சூட்டு விழா. மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தே மக்களிடம் ஒரு பிள்ளை எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமைக்கு உரிய பெயர் அதற்கு உண்டு. நாங்கள் அதைச் 'செம்மைப்படுத்தி', ஒரு கிழமைக்கு ஒரு உறுப்பினர் என்று வரையறுத்தோம். ஆகவே சபையில் ஏழு பேர். தரம் என்பது சும்மா வருமா? என் அம்மாவுக்கு நான் ராஸ்கோ. சபைக்கு குவாசி, அதாவது ஞாயிறு. தலைவர் டெவான், புதனுக்குரிய குவாக்கு.

போன டிசம்பரில், பனி கொட்டிய ஒரு காலையில், பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு மாணவன் வந்தான். ஒல்லியான உடம்பு, மெல்லிய மேல்சட்டை. உடனே செயற்குழுவைக் கூட்டினோம்.

"சாயங்காலம் விடுதியைப் பூட்டிடறாங்கண்ணே. லீவு முடியற வரைக்கும் இங்க ஒரு மூலையில படுத்துக்கறேன்," என்றான்.

"எந்த ஊரு?" என்றார் தலைவர்.

"குமாசி. கானாவுல, அசாந்தேக்காரங்க ஊரு."

தலைவர் முகம் மலர்ந்தது. "சபாஷ். எங்க பண்பாட்டுல உனக்கு ஆர்வம் உண்டா?"

"அதுலதாண்ணே பொறந்தேன்."

"பொறந்தா மட்டும் போதுமா? பேரென்ன?"

"எபனேசர்."

"வெள்ளைக்காரப் பேரு," என்று முனகினார் தலைவர்.

"எங்கப்பா வச்சது. பாதிரியாரு. வீட்ல குவாக்குன்னுதான் கூப்பிடுவாங்க. புதன்கிழமை பொறந்தேன்."

ஆறு தலைகள் தலைவர் பக்கம் திரும்பின.

"அது என் பேரு," என்றார் தலைவர்.

"இருக்கட்டும்ணே. எங்க தெருவுல மட்டும் ஏகப்பட்ட குவாக்கு. கூப்பிட்டா எவனாவது ஒருத்தன் வருவான். நீங்களும் புதன்கிழமையா?"

"சனிக்கிழமை. புதன்தான் எனக்கு எடுப்பா இருந்துச்சு."

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எனக்கு இளகிய மனசு. "வேற கிழமை ஏதாவது காலி பண்ண முடியுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

வியாழக்கிழமைக்காரர் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். "நான் பச்சையே குத்தியாச்சுப்பா."

தலைவர் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். "சகோதரா, குவாக்கு என் பேரில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எபனேசரா, விருந்தாளியா கீழ்த்தளத்துல படுத்துக்க. ஹீட்டர்கூட இருக்கு."

அவன் ஹீட்டர் இருந்த திசையைப் பார்த்தான். பிறகு பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மா கூப்பிடற பேருண்ணே அது. இந்த நாட்டுல என்னை அப்படிக் கூப்பிட ஒருத்தரும் இல்ல. நானும் இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் என்ன மிச்சம்?"

விஷயம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஏழு கைகளும் உயர்ந்தன. வாரம் முழுவதும் ஒருமித்து நின்ற அந்தக் காட்சி மெய்சிலிர்க்க வைத்தது. "வாரத்துல இடமில்ல, சகோதரா," என்று தலைவர் அவனைக் கட்டித் தழுவி வழியனுப்பினார். ஆண்டுக் கடைசியில் அமெரிக்கக் கறுப்பர்கள் கொண்டாடும் குவான்சா விழாவில் 'ஒற்றுமை' குறித்து அவர் ஆற்றவிருந்த உரைக்கு ஒத்திகை இருந்ததால் கூட்டம் அத்துடன் முடிந்தது. பனியில் பெட்டிச் சக்கரம் உருளாமல் அவன் அதைத் தூக்கிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

எங்கள் பாட்டன் பூட்டன்களைக் கப்பலில் ஏற்றி வந்தவர்களும் முதல் வேலையாக அவர்களுடைய பெயர்களைத்தான் பிடுங்கினார்கள். ஆனால் பிடுங்கும்போது அவர்களில் ஒருவன்கூட 'சகோதரா' என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பெருமை எங்கள் சபையை மட்டுமே சேரும்.