இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது

உடன்பிறந்த அண்ணனையே சைபர் போலீசில் பிடித்துக் கொடுக்கப் பார்த்த தம்பி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். புகார் கொடுத்த நேரம் என் டைரியில் இருக்கிறது: செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே சிவப்பு மையில் 'மோசடி முயற்சி முறியடிக்கப்பட்டது' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். (ஸ்கேல் வைத்து.)

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஓர் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கம்ப்யூட்டரைப் பற்றிய கெட்ட செய்திகளைப் படித்தவன். எந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியின் தகவல் திருடு போனது, எந்த மந்திரியின் போனை யார் ஒட்டுக்கேட்டார்கள், எந்த ஊரில் யார் குரலைப் போலிசெய்து யாரை ஏமாற்றினார்கள் என்பதையெல்லாம் காலைப் பேப்பரில் வாசித்து, டைரியில் தலைப்புவாரியாகக் குறித்துக்கொள்வேன். தகவல் திருடு போன மறுநாள், 'மக்களின் தகவல்கள் பத்திரமாக இருக்கின்றன' என்று அறிக்கை வரும். அதையும் குறித்துக்கொள்வேன். பத்திரமாக இருப்பது உண்மைதான், யாரிடம் என்பதுதான் கேள்வி. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை வேர்க்கடலை வாங்கினேன். யாரோ ஒரு பெண்மணியின் ஆதார் நகலில் சுருட்டிக் கொடுத்தார்கள். கடலையைத் தின்றுவிட்டு அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பதினாறாகக் கிழித்துப் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழில் இதைப் பற்றியெல்லாம் ஒரு பத்தி எழுதிவந்தேன். 'உடன்பிறந்த அண்ணனே கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள்' என்ற என் வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். (ஒருவர் அதை அச்சடித்தவர்.)

என் அண்ணன் பெயர் தங்கராஜ். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பாறசாலையில் வீடு. தினமும் ரயிலில் வந்து தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை பார்த்தார். வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதுதான் அவர் தொழில். ஆனால் அவர் அட்டையைப் பார்த்து நான் பார்த்ததில்லை. "ஆளுக்க மொகத்தப் பாத்தா தெரியாதாலே?" என்பார். இருபத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு திருடனுக்குத்தான் அறை கொடுத்தாராம்; அவனும் போகும்போது வாடகையைச் சரியாகக் கொடுத்துவிட்டுத்தான் போனானாம்.

அவருடைய எல்லா பாஸ்வேர்டும் ஒன்றே: மனைவி பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. உடனே குடும்பத்தின் டிஜிட்டல் நிர்வாகத்தை நான் எடுத்துக்கொண்டேன். காஸ் புக்கிங், மின்சாரம், அண்ணனின் மருத்துவக் காப்பீடு, எல்லாவற்றுக்கும் என் மொபைல் நம்பரையே பதிந்துவைத்தேன். அவர்களை யாராவது ஏமாற்ற வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது காப்பாற்ற வேண்டுமானாலும் அப்படித்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இனி அரசியலுக்கு வருகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அண்ணனுக்கு ஒரு கட்சி, எனக்கு வேறு கட்சி. ஒருநாள் அவர் தன் தலைவர் மேடையில் அழும் வீடியோவைப் போட்டார். நான் அதை எட்டு தடவை பார்த்துவிட்டு, அது செயற்கை நுண்ணறிவு செய்த வேலை என்று ஒன்பது பாயின்ட் எழுதினேன். நான்காவது பாயின்ட், இடது கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது, சட்டை நனையவில்லை. அண்ணன் குரல் பதிவில் பதில் சொன்னார்: "அழுகுத ஆளுட்ட போயி கண்ணீரு ஒரிஜினலான்னு கேக்குதவன் நீ ஒருத்தன்தாம்லே."

அடுத்த வாரம் என் தலைவர் உளறிய வீடியோ ஒன்று வந்தது. அதையும் போலி என்று எழுதினேன். அது நிஜம் என்று மறுநாள் அவரே ஒத்துக்கொண்டார். (பொய்யை நிஜம்போலச் செய்யும் கருவியால் யாருக்கு லாபமோ இல்லையோ, கையும் களவுமாக மாட்டியவர்களுக்கு நல்ல லாபம். 'அது நான் இல்லை' என்றால் போதும்.) அண்ணன் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டார். ஒன்றல்ல, பதினெட்டு. எண்ணினேன்.

குழுவின் அட்மின் நான். பொய்ச் செய்தி பரப்புவதாகக் காரணம் காட்டி அண்ணனைக் குழுவிலிருந்து நீக்கினேன். விளக்கம் கேட்டு அவர் போன் செய்வாரே என்று அவருடைய நம்பரையும் பிளாக் செய்தேன். ஏழு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இடையில் இரண்டு கல்யாணங்களில் பார்த்தோம். இரண்டிலும் நான் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

அந்த ஏழு மாதத்துக்குள், குரல் மோசடியிலிருந்து தப்பிக்க ஒவ்வொரு குடும்பமும் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கேயோ படித்தேன். 'மரச்சீனி நாற்பத்தேழு' என்று ஒன்றைத் தீர்மானித்து, குழுவில் அறிவித்தேன். (மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு.) அண்ணன் மனைவி கிரேஸ் மைனி, "இத யாரு ஓர்மை வைப்பா?" என்று எழுதினார். குழுவில் இல்லாத ஒருவருக்கு அந்தச் சொல் தெரியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து முப்பத்தைந்துக்கு என் போனில் ஓர் ஓடிபி வந்தது. யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. அடுத்த நிமிஷம் தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு.

"லேய் ஜெபராஜ், அண்ணனாக்கும். ஒனக்க போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்கும், அதக் கொஞ்சம் சொல்லு மக்கா."

என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பத்து வருஷமாகப் படித்துத் தயாரான பரீட்சை கடைசியில் வந்துவிட்டது. பக்கத்து மேஜை ஷைலஜாவைச் சைகையால் கூப்பிட்டேன். இன்னும் நான்கு பேர் வந்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டேன். இலவச வகுப்பு.

"நீங்கள் யார் பேசுவது?" என்றேன், அச்சுத் தமிழில்.

"என்னது யாரா? சத்தம் தெரியல்லியா? நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்லே. நெஞ்சுல சின்ன பிரச்னை, இப்பமே ஆப்பரேசன் செய்யணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. இது நர்ஸுக்க போனு. இன்சூரன்ஸுக்கு அந்த நம்பரு வேணுமாம்."

ஆஸ்பத்திரி, அவசரம், வேறொருவர் போன், ஓடிபி. என் பத்தியில் எழுதிய நான்கு அறிகுறிகளும் வரிசையாக வந்தன. ஷைலஜாவைப் பார்த்து விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன்.

"ரகசியச் சொல் என்ன?"

"என்ன சொல்லு?"

"குடும்ப ரகசியச் சொல்."

"எனக்கு ஒரு ரகசியமும் தெரியாதுடே. ஒனக்க ரகசியம் வேணும்னா சொல்லுதேன். ஏழாங்கிளாஸ்ல ஊசி போடதுக்கு ஆளு வந்தப்ப, நீ கோழிக்கூட்டுக்குள்ள போயி ஒளிச்சிருந்த. ஒன்னய எடுக்கப் போயி எனக்குத்தான் கோழி கொத்திச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் போன் மேல் கை வைத்து மறைத்துக்கொண்டு, "சமூக வலைத்தளங்களில் இருந்து இப்படித்தான் தகவல் திரட்டுவார்கள்" என்று விளக்கினேன். (கோழிக்கூட்டுச் செய்தியை எந்த வலைத்தளத்தில் யார் போட்டிருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்தானே மேலதிகாரி.)

ஷைலஜா மட்டும், "சாரே, இது சாரின்றெ சேட்டன் தன்னெயா" என்றாள். உங்கள் அண்ணனேதான் என்கிறாள்.

"அப்படித் தோன்றவைப்பதுதான் தொழில்நுட்பம்" என்றேன்.

இதற்குள் அந்தப் பக்கம் விஷயம் புரிந்துவிட்டது. அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி ஒரு சிரிப்பு. நிஜமான மனிதனின் சிரிப்பில் இத்தனை இடைவெளி இருக்காது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"செரி செரி, நம்பரு வேண்டாம். நீ நல்லா இருக்கியாலே? காப்பி குடிச்சியா?"

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐந்து பேர் கைதட்டினார்கள். சரியாகச் சொன்னால் நான்கு பேர், ஷைலஜா தட்டவில்லை. அந்த நம்பரை சைபர் உதவி மையத்தில் புகார் செய்துவிட்டு டைரியை எடுத்தேன்.

பதினொன்று பதினெட்டுக்கு, பாறசாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்த கிரேஸ் மைனி தன் போனிலிருந்து கூப்பிட்டார். இதை எழுத வெட்கமாக இருக்கிறது: அவரிடமும் ரகசியச் சொல்லைக் கேட்டேன்.

"தம்பி," என்றார் மைனி, மெதுவாக. "அவருக்க நெஞ்சத் தொறக்கப் போறாவ. கொஞ்சம் வாறியளா?"

ஆட்டோவில் போகும்போது போனைத் துழாவினேன். பிளாக் செய்த அழைப்புகளுக்கென்று அதில் தனியாக ஒரு பட்டியல் உண்டு. அதுவரை நான் அதைத் திறந்ததில்லை. பத்து பன்னிரண்டு, பத்து பதினான்கு, பத்து பத்தொன்பது. மூன்று தடவையும் அண்ணன் தன் சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டிருந்தார். நம்பரை விடுவித்தேன். ஆட்டோ சிக்னலில் நின்றபோது இரண்டு தடவை அழைத்துப் பார்த்தேன். அண்ணனின் போன் மைனியின் கைப்பைக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நான் போவதற்குள் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். காப்பீட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை. மைனி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஓடிபியால் சிகிச்சையில் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை என்று டாக்டர் சொன்னார். மறுநாளும் கேட்டேன். மறுநாளும் அதையே சொன்னார்.

"கோவமா இருந்தாரா மைனி?"

"கோவமா? ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு வார்டு முழுக்க சொல்லிச் சிரிச்சாரு தம்பி. நர்ஸுட்ட, அட்டெண்டருட்ட, மயக்க மருந்து குடுக்க வந்த டாக்டரம்மாட்ட. எனக்க தம்பி என்னயே நான் இல்லன்னுட்டான்னு. அந்தம்மா, சிரிக்காதீங்க, பிரஷர் ஏறும்னு ஏசிச்சு."

அண்ணன் கண் விழிக்கவில்லை. வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் டிபன் கொண்டுவரும் நேரத்தில் முடிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், பாறசாலை வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. கையில் சாயா டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் போலீஸ். மிக மரியாதையான குரல்.

"ஜெபராஜ் சாரல்லே? சைபர் ஸ்டேஷனில் நின்னாணு. சேட்டனாணெந்நு பறஞ்ஞு விளிச்ச ஆளில்லே, அயாள் பின்னே விளிச்சோ?"

அண்ணன் என்று சொல்லிக் கூப்பிட்ட ஆள் பிறகு கூப்பிட்டாரா என்று கேட்கிறார். முற்றத்தில் இருந்தவர்கள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"இல்ல" என்றேன்.

"காள் ரெக்கார்டு செய்திருந்தோ?"

"இல்ல."

பதிவு செய்யவில்லை. என் போனில் அந்த வசதியையே, அந்தரங்கப் பாதுகாப்பு கருதி, அணைத்து வைத்திருந்தேன். மோசடிக்காரனைப் பயமுறுத்துவதற்காக அன்று சொன்னது பொய். அதை மட்டும் உண்மையாக்கிக் கொடுக்கிறேன் என்று இன்று யாராவது சொன்னால், என் அத்தனை பாஸ்வேர்டுகளையும் ஒரு தாளில் எழுதி, தம்பானூரில் கடலை மடிக்கக் கொடுத்துவிடுவேன்.

"இனி விளிச்சால் எடுக்கண்டா, கேட்டோ" என்று அந்தப் பெண் அக்கறையாகச் சொன்னார். இனிக் கூப்பிட்டால் எடுக்க வேண்டாமாம்.

முதலில் சிரித்தது மைனிதான். மூன்று நாளாக வாயே திறக்காதவர், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு எல்லாரும். எது சிரிப்பு, எது அழுகை என்று அந்த முற்றத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நானும் பார்க்க முயலவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எனக்குப் போன் செய்தாலும், "மரச்சீனி நாற்பத்தேழு" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தச் சொல் கடைசியில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. சங்க இதழில் எழுதுவதை விட்டுவிட்டேன். டைரியில் அந்தச் சிவப்பு வரியை அடிக்கவில்லை. என் டைரியில் எதையும் அடிப்பதில்லை என்பது வழக்கம்.

இன்னொரு வேடிக்கையும் சேர்ந்திருக்கிறது. மைனி தன் பழைய போனைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணனின் போனை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு எனக்குத் தவறாமல் கூப்பிடுவார். திரையில் 'அண்ணன்' என்று வரும். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிற்கப்போகிறது என்று தோன்றும்போதுதான் எடுப்பேன்.

"ஏன் தம்பி இவ்வளவு நேரம்?"

"பாத்ரூம்ல இருந்தேன் மைனி."

வாரா வாரம் இதே பதில். வேறு பொய் எனக்கு வரவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களில் இப்போது யாராவது என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மட்டும் வயிறு கெட்டுப்போவது நல்லதல்ல, ஒரு டாக்டரைப் பாருங்கள் என்கிறார்கள். பந்தி முழுக்கச் சிரிக்கிறது. பார்க்கிறேன் என்று சொல்லி நானும் சிரித்துவைக்கிறேன்.