ஐந்தாம் அலகு

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். ஒரு கோடையில் தீனிக்குத் தட்டுப்பாடு வந்து பாதிக் காடு பட்டினி கிடந்தது. சிங்கம் உடனே ஒரு குழு அமைத்தது. குழு மூன்று மாதம் கூடி, நன்றாகச் சாப்பிட்டு, காட்டில் பொருளியல் பட்டதாரிகள் போதவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அப்படித்தான் பி.ஏ. பொருளியல் ஆரம்பமானது.

மூன்று வருடம், ஆறு செமஸ்டர். நுண்ணினப் பொருளியலை யானை நடத்தியது. பேரினப் பொருளியலை எறும்பு நடத்தியது. பணிமூப்புப்படி ஒதுக்கினால் அப்படித்தான் வரும். புள்ளியியலுக்கு ஓர் அழுங்கு, அதாவது செதில் போர்த்திய எறும்புதின்னி. யாராவது சந்தேகம் கேட்டால் அவர் பயந்து சுருண்டுகொள்வார். அந்தச் செமஸ்டர் முழுக்க அவரைப் பெரும்பாலும் உருண்டையாகத்தான் பார்த்தார்கள்.

எந்தப் பாடமானாலும் அதில் ஐந்து அலகுகள் இருக்கும். நான்கு அலகுகள் நடக்கும். கடைசி வாரத்தில் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐந்தாம் அலகை நீங்களே படிச்சுக்கோங்க" என்பார். மாணவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு தரப்பும் அதோடு அதை மறந்துவிடும். வினாத்தாள் எடுப்பவருக்கும் இது தெரியும் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தத் துறையில் இளஞ்சியம் என்று ஒரு மலையணில் படித்தாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். தாத்தா படிக்கவில்லை என்று நிரூபிக்க, தாத்தாவின் கையெழுத்தைக் கேட்டார்கள். அந்தக் கஷ்டத்தையெல்லாம் தாண்டி வந்தவள்.

அவள் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தை மாதம் முழுக்க அவள் அம்மா பலாக்கொட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்து வைப்பாள். பங்குனியில் தோண்டிப் பார்த்தால் பத்துக் குழியில் ஒன்பது காலி. "நான்தான் இடத்தை மறந்துட்டேன் போல" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு வீடே மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு தூங்கும். சின்னத் தம்பி மட்டும் தூங்காமல் சிணுங்கிக்கொண்டிருப்பான். அந்தச் சிணுங்கல் இளஞ்சியத்தின் காதிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் பல்கலைக்கழகக் கையேடு ஒன்று அவள் கைக்கு வந்தது. அதில் விருப்பப் பாடங்கள் என்ற தலைப்பின்கீழ் பதினான்கு பெயர்கள். ஒன்பதாவது: 'சேமிப்புப் பொருளியல் — புதைத்ததைத் திரும்ப எடுக்கும் முறைகள்.' அந்த ஒரு வரிக்காகவே அவள் சேர்ந்தாள்.

மூன்றாம் வருடம் விருப்பப் பாடத்துக்கான படிவம் வந்தது. வாங்கிப் பார்த்தால், முதல் பாடத்துக்கு நேராக ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. எல்லோர் படிவத்திலும் அப்படித்தான். முதல் பாடம் 'பொருளியல் சிந்தனை வரலாறு'. அதைத் துறைத்தலைவர் பேராசிரியர் கூடலிங்கம் நடத்துவார். அவர் ஓர் ஆமை. ஒரே நோட்டை எழுபது வருடமாக வாசித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். இதற்குத்தான் விருப்பப் பாடம் என்று பெயர்.

இளஞ்சியம் அலுவலகத்துக்குப் போனாள். கிளார்க் ஜெபமணி ஒரு முள்ளம்பன்றி. தன் முதுகு முள்ளையே பிடுங்கிப் பேனாவாகவும் வைத்துக்கொள்வார், காகிதம் குத்தவும் வைத்துக்கொள்வார். துறைக்குக் குண்டூசிச் செலவே கிடையாது. அவர் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு வெள்ளை எலும்பு கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் டப்பா கொண்டுவந்து யாரும் பார்த்ததில்லை. வெளியே போவார், ஒரு மணி நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அப்படி வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எனக்கு ஒன்பதாவது பாடம் வேணும்."

ஜெபமணியின் முள்ளெல்லாம் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. "ஒன்பதா? அது எதுக்கும்மா? பத்து எடேன். பதினொண்ணு எடு. கடல் வணிகம், ரொம்ப நல்லா இருக்கும்."

"இங்க கடலே இல்லையே அண்ணே."

"அதனாலதான் சுலபம்."

அவள் அசையவில்லை. ஜெபமணி பெருமூச்சு விட்டு விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தார். "பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாத்தான் பாடம் நடக்கும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கொண்டு வா. இல்லேன்னா ஒண்ணாம் நம்பர்தான்." சொல்லிவிட்டு நிம்மதியாக முதுகைச் சொறிந்துகொண்டார். அந்தத் துறையில் பத்துப் பேர் ஒரு விஷயத்துக்கு ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை.

இளஞ்சியம் முதலில் சுடலையிடம் போனாள். சுடலை ஒரு குரங்கு, கடைசி பெஞ்சு.

"யாரு நடத்துறா?" என்று கேட்டான்.

"தெரியலை."

"அட்டெண்டன்ஸ் எடுப்பாரா?"

"ஆளே யாருன்னு தெரியலைங்கறேன்."

சுடலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆசிரியர் யாரென்றே தெரியாத பாடம் என்றால், அவன் கணக்கில் அது சொர்க்கம். உடனே போட்டான். அவன் போடுவதை ஒரு மான் பார்த்தது. அந்த மானை இன்னொரு மான் பார்த்தது. வகுப்பில் மொத்தம் ஆறு மான்கள். எல்லோரும் எதில் இருக்கிறார்களோ அதில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் பொருளியல் கொள்கை. ஒரு நிமிடத்தில் ஆறு கையெழுத்தும் விழுந்துவிட்டது. எதற்குப் போட்டோம் என்று பிறகு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

கரடி, "வகுப்பு எத்தனை மணிக்கு?" என்றது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி இருக்கும் என்றதும், தூங்க வசதி என்று கையை மையில் நனைத்து ஒரு பதிவு வைத்தது. படிவத்தில் பாதி கறுப்பாகிவிட்டது.

தன்னையும் சேர்த்து ஒன்பது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. மிச்சம் இருந்தது நரி சங்கிலி மட்டும்தான்.

நரி வந்துவிட்டது, இனிமேல் தந்திரம்தான் என்று நினைக்கிறீர்கள். பழைய கதை கேட்டுக் கேட்டு உங்கள் புத்தி அப்படிப் போகிறது. சங்கிலி பாவம், நான்கு அரியர் வைத்துக்கொண்டு செமஸ்டர் தவறாமல் அலுவலகக் கவுண்ட்டரில் வரிசையில் நிற்பவன். அன்றும் அங்கேதான் நின்றான். இளஞ்சியம் கேட்டதும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பதிலுக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். நான் முதல் வருஷம் ஒரு எலும்பு புதைச்சு வெச்சேன். அருமையான எலும்பு. அன்னைலேருந்து தேடுறேன். அந்தப் பாடத்துல வழி சொல்லிக் குடுப்பாங்க இல்ல?"

மூன்று ஐம்பதுக்குப் படிவம் ஜெபமணியின் மேஜைக்கு வந்தது. அவர் பெயர்களை மூன்று முறை எண்ணினார். கரடியின் கையை இரண்டாக எண்ணிவிட்டோமோ என்று தலைகீழாகத் திருப்பியும் எண்ணிப் பார்த்தார். பிறகு துறைத்தலைவர் அறைக்கு ஓடினார். துறைத்தலைவர் கிளம்பி வந்து சேர்வதற்குத் திங்கட்கிழமை ஆகிவிட்டது.

"ஏம்மா, அந்தப் பாடத்தை நடத்த இங்க ஆளே கிடையாதே" என்றார் கூடலிங்கம். "ஆய்வுக் குழு வந்தப்போ, பதினாலு விருப்பப் பாடம் இருந்தாத்தான் முதல் தரம்னு சொன்னாங்க. ஒண்ணு நான் எழுதினேன். மிச்சம் பதிமூணும் ஆபீஸ்ல பார்த்துக்கிட்டாங்க."

எந்த வரிக்காக இளஞ்சியம் இரண்டு வருடம் காத்திருந்து, உருண்டையிடம் புள்ளியியலும் படித்தாளோ, அந்த வரி ஆய்வுக் குழுவுக்காக எழுதியது. அவள் அழுதாள். வாலால் முகத்தை மூடிக்கொண்டு, நன்றாகவே அழுதாள்.

ஆனால் விதி விதிதான். பத்துப் பேர் போட்டுவிட்டால் பாடத்தை நடத்தியே ஆக வேண்டும். கூடலிங்கம் ஓட்டுக்குள் தலையை இழுத்து யோசித்துவிட்டு வெளியே வந்தார்.

"தேவை இருந்தா அளிப்பு தானா வரும்னு முதல் செமஸ்டர்லயே நடத்தியிருக்கோம். இந்தப் பாடத்துக்குத் தேவை யாரு? நீ. அப்போ அளிப்பும் நீதான். நாளையிலேருந்து நீதான் கௌரவ விரிவுரையாளர்."

"நான் மாணவி ஐயா!"

"அதையும் விட்டுடாதே. உனக்கு நீயே அட்டெண்டன்ஸ் போட்டுக்கோ."

இப்படியாக இளஞ்சியம் ஆசிரியையானாள். ஜெபமணி பீரோவைத் திறந்து, மனமே இல்லாமல், ஒன்பதாம் பாடத்தின் பாடத்திட்டத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு தாள். மூலையில் முள் குத்தியிருந்தது.

"எல்லாத்தையும் நடத்தணும்னு அவசியமில்லம்மா" என்றார். "முதல் ரெண்டு அலகு போதும். மிச்சத்தை அவங்களே படிச்சுக்குவாங்க."

அலகு ஒன்று: புதைத்தல். அலகு இரண்டு: மறத்தல். இவை இரண்டிலும் வகுப்பு மிக நன்றாகத் தேறியது. மான்கள் எங்கே புதைத்தோம் என்பதோடு எதற்குப் புதைத்தோம் என்பதையும் சேர்த்து மறந்தார்கள். அலகு மூன்று: மண்ணின் நிறத்தையும் வாசனையையும் வைத்துக் குழியைக் கண்டுபிடித்தல். இதில் நுணுக்கம் நுணுக்கமாக எழுதியிருந்தது. கிளறிய மண் எத்தனை நாள் ஈரமாக இருக்கும், எந்தச் சருகு எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம். வெறும் ஆய்வுக் குழுவுக்காக இவ்வளவு எழுதுவார்களா என்று அவளுக்குத் தோன்றியது. அலகு நான்கு: ஓசையில்லாமல் தோண்டுதல்.

அப்போது செமஸ்டரின் கடைசி வாரம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள். இளஞ்சியம் பார்க்கவில்லை. தை பிறந்து, அம்மா மறுபடி புதைக்கத் தொடங்கியிருந்தாள். ஓர் எழுத்தைக்கூட விட அவளுக்கு மனமில்லை. பல்கலைக்கழகச் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஓர் ஆசிரியை பலகையில் எழுதினாள்:

'அலகு ஐந்து: யாரும் எடுக்காததுபோலக் குழியை மூடி வைத்தல்.'

தாளில் ஏற்கெனவே படித்த வரிதான், ஆனால் பலகையில் பெரிதாகப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறுத்தியது. சங்கிலி கை தூக்கினான்.

"டீச்சர், நம்ம பொருளை நாமளே எடுத்தா, யாரும் எடுக்காத மாதிரி எதுக்கு மூடணும்?"

இளஞ்சியம் தாளின் மூலையில் குத்தியிருந்த முள்ளைப் பார்த்தாள். கரடிகூட விழித்துக்கொண்டது. பத்துப் பேரும் ஜன்னல் வழியாக அலுவலகத்தைப் பார்த்தார்கள். மத்தியான இடைவேளை. ஜெபமணியின் நாற்காலி காலியாக இருந்தது.

இளஞ்சியத்தின் வீட்டு மரத்தடிக்கு வகுப்பு மொத்தமும் போய்ச் சேர்ந்தபோது, ஜெபமணி குனிந்து ஒரு குழியைத் தட்டித் தட்டி மூடிக்கொண்டிருந்தார். மேலே இரண்டு சருகை வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தார். எல்லாம் பாடத்திட்டப்படி.

"அண்ணே!"

ஜெபமணி திரும்பினார். வாயில் பலாக்கொட்டை.

"எங்க அம்மா தனக்கு மறதின்னு நினைச்சு வருஷா வருஷம் தலையில அடிச்சுக்குதுண்ணே. தம்பி பட்டையைக் கடிச்சுட்டுப் படுக்கிறான். நீங்கதானா?"

"உங்க வீட்டுதுன்னு தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா?"

ஜெபமணி யோசித்தார். கிளார்க்காக இருந்தாலும் உண்மை பேசுகிறவர். "இன்னும் கொஞ்சம் நல்லா மூடியிருப்பேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "மத்த பன்னெண்டு பாடமும் பக்கத்துக் காட்டுல இருந்து காப்பி அடிச்சதும்மா. இது ஒண்ணுதான் சொந்தமா எழுதினது. எனக்குத் தெரிஞ்ச தொழில் இதானே. உண்மையை எங்க எழுதினாலும் மாட்டிக்குவேன், அஞ்சாம் அலகுல எழுதினா யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சேன். இருபது வருஷ சர்வீஸ்ல ஒருத்தரும் வந்ததில்லை."

கரடி கையை முறுக்கியது. மான்கள், கரடி அடித்தால் தாங்களும் அடிப்பதாகத் தீர்மானித்தார்கள். இளஞ்சியத்துக்கும் ஆத்திரம் கண்ணை மறைத்தது. ஆனால் என்ன இருந்தாலும் மூன்று வருடம் பொருளியல் படித்தவள்.

"அண்ணே, அம்மாவுக்கு உண்மையிலேயே பாதிக் குழி ஞாபகம் இல்லை. உங்களுக்கு?"

"எல்லாமே ஞாபகம் இருக்கும்மா" என்றார் ஜெபமணி. அந்த இடத்தில் அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

"அப்போ பங்குனியில வந்து நீங்களே தோண்டிக் குடுங்க. ரெண்டு பங்கு எங்களுக்கு, ஒரு பங்கு உங்களுக்கு. இனிமே மூடவே வேணாம்."

அந்தப் பங்குனியில் இளஞ்சியத்தின் வீட்டில் யாரும் பட்டையைக் கடிக்கவில்லை. தம்பி வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டான். அதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பட்டம் வாங்குவதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அம்மா குவியலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் தேடிக் குடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"எங்க ஆபீஸ் அண்ணன்மா."

"தங்கமான ஆளு. பாவம், மெலிஞ்சு போயிருப்பார். அவர் பங்குக்கு மேல இன்னும் ரெண்டு கை அள்ளிக் குடு."

சங்கிலியின் எலும்பும் கிடைத்தது. அதை ஜெபமணி தன் மேஜையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். மூன்று வருடம் அதன் எதிரிலேயே வரிசையில் நின்றிருக்கிறோமே என்று சங்கிலிக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இளஞ்சியம் தன் விடைத்தாளைத் தானே திருத்தி, நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டுக்கொண்டாள். கூடப் போட்டால் சந்தேகம் வரும்.

அடுத்த வருடம் எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எந்தப் பாடத்துக்கும் நான்கு அலகுகள்தான்.

நீதி: உங்கள் பொருள் காணாமல் போனால் மண்ணைத் தோண்டாதீர்கள், பாடத்திட்டத்தைக் கடைசி அலகுவரை படியுங்கள். எடுத்தவர் அங்கே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பார். கண்டுபிடித்த பிறகு அவரை அடித்துவிடாதீர்கள். உங்கள் சொத்து எங்கே இருக்கிறது என்று காட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.